யாரும் திட்டவில்லை, நானே என்னை விடமாட்டேன் என்கிறேன்: தொழில்முறை ஆட்டமும் தனக்குத்தானே ஏற்றிக்கொள்ளும் பாரமும்

பாலக்கோட்டான் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நான் தொழில்முறையாகக் கபடி ஆடுகிறேன். ஒப்பந்தத்தில் இருப்பதால் எந்த அணி என்று சொல்ல முடியாது. ஊர் பாலக்கோடு பக்கம். ரெய்டர், அதாவது எதிரணிப் பக்கம் போய்த் தொட்டுவிட்டுத் திரும்புகிறவன். பயிற்சியில் என்னை நிறுத்துவது கஷ்டம் என்று, ஓரத்தில் நின்று பிடிக்கும் எங்கள் கார்னர் ஆட்டக்காரர்களே சொல்வார்கள். போட்டியில் இறங்கினால் வேறு ஆளாகிவிடுகிறேன்.

கபடி அதிகம் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. லீக் ஆட்டத்தில் ஒரு அணி தொடர்ந்து இரண்டு ரெய்டு புள்ளி இல்லாமல் திரும்பினால், மூன்றாவது டூ ஆர் டை. அதில் வெறுங்கையோடு திரும்பினால் போனவன் அவுட். ஊரில் பொங்கல் போட்டி ஆடிய காலத்தில் இக்கட்டான ரெய்டு என்றால் நானே கேட்டு வாங்கிக்கொண்டு போவேன். இப்போது நடுக்கோட்டைத் தாண்டியதும் என் காலை நானே கவனிக்க ஆரம்பிக்கிறேன். இடது கால் எங்கே இருக்கிறது, எதிரணிப் பக்கத்தில் இருக்கும் பாக் லைன் கோட்டைத் தாண்டியாயிற்றா, கையை நீட்டினால் உடம்பு முன்னால் சாய்ந்துவிடுமா என்று ஒவ்வொன்றாக உள்ளே ஓடுகிறது. அது ஓடி முடிவதற்குள் தொடையைக் கட்டிவிடுகிறார்கள்.

கோச் நல்ல மனிதர், சத்தம்கூடப் போடுவதில்லை. அப்பாவும் அம்மாவும் ஆட்டத்தை முழுசாகப் பார்ப்பதே அபூர்வம். "அடிபடாம வந்து சேருடா சாமி" என்பதோடு சரி. யாரும் என்னை நெருக்கவில்லை. நான்தான் என்னை விடுவதில்லை. விளக்கை அணைத்த பிறகு போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு, பிடிபட்ட ரெய்டுகளை மட்டும் வேகத்தைக் குறைத்துத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எந்த நொடியில் என் குதிகால் தரையில் பதிந்தது, எந்த நொடியில் அவன் கை கணுக்காலில் விழுந்தது என்பது வரைக்கும் மனப்பாடம். புள்ளி எடுத்த ரெய்டைப் போட்டுப் பார்க்கவே தோன்றுவதில்லை. ஜெயித்த அன்றும் சந்தோஷம் இல்லை, "அப்பாடா, இன்றைக்குத் தப்பித்தோம்" என்ற நினைப்புதான்.

2021 யு.எஸ். ஓபனில் தோற்றபோது டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா இதைத்தான் சொன்னார்: ஜெயித்தால் சந்தோஷம் வருவதில்லை, நிம்மதி மட்டும்தான், தோற்றால் ரொம்ப வருத்தமாகிவிடுகிறது என்று. அப்போதே நான்கு கிராண்ட் ஸ்லாம் பட்டம் வாங்கியிருந்தவர் அவர். அவருக்கே அப்படியென்றால் இது திறமை குறைவால் வருவதில்லை என்று மட்டும் புரிந்தது.

இதை அனுபவித்தவர்கள் என்ன செய்தீர்கள்? "டென்ஷன் ஆகாதே, ஜாலியாக ஆடு" என்பதைத் தவிர வேறு எதையாவது சொல்லுங்கள். அதை எல்லாரும் சொல்லியாயிற்று.

நடத்துநர்

அணியின் பெயரை யாரும் கேட்க வேண்டாம், ஊகிக்கவும் வேண்டாம். மற்றபடி தாராளமாகப் பேசலாம்.

ஓசூர் ஷிப்ட்

தம்பி, மனம் நோகாமல் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாரம் இருப்பதால்தான் நீங்கள் லீக்கில் இருக்கிறீர்கள், அது இல்லாத உங்கள் ஊர்ப் பையன்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

நீரஜ் சோப்ராவைப் பாருங்கள். 2021இல் டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கியாயிற்று. அதோடு நிறுத்தியிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? 90 மீட்டரைத் தாண்டியே ஆக வேண்டும் என்று அவரே வைத்துக்கொண்டார். பாரிஸில் 89.45 எறிந்து வெள்ளி. கடைசியில் 2025 மே மாதம் தோஹாவில் 90.23. தன்னைத் தானே விடாமல் துரத்தியதால்தானே அது நடந்தது? பாரத்தை இறக்கி வை என்று உங்களுக்குச் சொல்கிறவர்கள் உங்கள் ஆட்டத்தையும் சேர்த்து இறக்கிவைத்துவிடுவார்கள் என்பதுதான் என் பயம்.

நானூறு மீட்டர்

ஓசூர் அண்ணா, நீங்கள் சொன்ன அதே தோஹாவில் அன்று ஜூலியன் வெபர் கடைசி வாய்ப்பில் 91.06 எறிந்துவிட்டார். நீரஜுக்கு இரண்டாவது இடம்தான். ஆனாலும் 90.23 அவர் கணக்கில் அப்படியே இருக்கிறது, யாராலும் எடுக்க முடியாது. ஒரு தூரத்தைக் குறி வைத்துக்கொண்டு துரத்துவது ஒன்று. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் தன்னையே கூண்டில் ஏற்றி விசாரிப்பது வேறொன்று. பாலக்கோட்டுத் தம்பி எழுதியது இரண்டாவதைப் பற்றி. இரண்டையும் ஒரே பேரில் பேசினால் எங்கேயும் போய்ச் சேர மாட்டோம்.

நான் கிருஷ்ணகிரி. பள்ளியிலிருந்து 400 மீட்டர் ஓட்டம். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் வேலை. வேலை கிடைக்கும் வரை "வேலைக்காக ஓடுகிறோம்" என்று ஒரு நெருக்கடி. கிடைத்ததும் அது போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை, உருமாறியது. இந்த நாற்காலிக்கு நான் தகுதியானவள்தான் என்று ஒவ்வொரு ஓட்டத்திலும் நிரூபிக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அலுவலகத்தில் எல்லாரும் பாசமாகத்தான் இருந்தார்கள். "மீட் எப்போம்மா?" என்று அன்பாகக் கேட்பார்கள். அந்தக் கேள்வியே எனக்குக் காய்ச்சல்.

400 ஓடியவர்களுக்குத் தெரியும், இந்த ஓட்டத்தில் முதல் 200இல் செய்யும் அவசரத்துக்குக் கடைசி 80 மீட்டரில் வட்டியோடு கட்ட வேண்டும். எனக்கு நடந்தது அதுதான். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும், "நான் இருக்கிறேன்" என்று காட்டும் வேகத்தில் வளைவைக் கடப்பேன். கடைசி நேர்கோட்டுக்கு வரும்போது தோள் காது வரைக்கும் ஏறிவிடும், தாடை இறுகிவிடும், முட்டி மேலே வராது. பயிற்சியில் எனக்குத் தோள் ஏறியதே கிடையாது.

என்னோடு தங்கியிருந்த பெண்ணின் நிலைமை இன்னும் மோசம். கெண்டைக்கால் எலும்பில் வலி இருப்பதை யாரிடமும் சொல்லாமல் ஓடிக்கொண்டிருந்தாள். காலையில் எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் முதல் சில அடிகள் வைப்பாள். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது எலும்பில் விரிசல், அந்த சீசனே போயிற்று. யாராவது அவளை ஓடச் சொன்னார்களா? இல்லை. ஓய்வெடுத்தால் தான் சோம்பேறி ஆகிவிடுவோம் என்று அவளே முடிவு செய்திருந்தாள். இதைத்தான் வெறி என்று வெளியிலிருந்து பாராட்டுகிறோம்.

ஆலோசகர் கிருஷ்ணகிரி

உளவியல் ஆலோசனை என் தொழில். விளையாட்டு வீரர்களோடும் வேலை செய்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலக்கோட்டான் சொன்ன "என் காலை நானே கவனிக்கிறேன்" என்ற வரியில்தான் விஷயம் இருக்கிறது. நன்றாகப் பழகிய வேலையை உடம்பு தானாகச் செய்யும். அந்த நேரத்தில் மனம் உள்ளே புகுந்து ஒவ்வொரு அசைவையும் மேற்பார்வை பார்த்தால் ஓட்டம் கெடும். 2002இல் உளவியல் ஆய்வாளர் சியான் பைலாக்கும் அவருடைய கூட்டாளிகளும் கால்பந்து ஆட்டக்காரர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். கூம்புகளுக்கு நடுவே பந்தை உருட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு சுற்றில், பந்தைக் கடைசியாகத் தொட்டது பாதத்தின் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று கவனித்தபடி போகச் சொன்னார்கள். இன்னொரு சுற்றில், காதில் விழும் சொற்களில் குறிப்பிட்ட ஒன்றைக் கவனித்தபடி போகச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் பழகிய காலால் ஆடும்போது, பாதத்தைக் கவனித்த சுற்றில் தடுமாறினார்கள். வேறு சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போன சுற்றில் ஆட்டம் கெடவில்லை. புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு நேர்மாறாக, பாதத்தைக் கவனித்தால்தான் நன்றாக வந்தது. தேர்ந்தவர்களுக்கும் பழகாத காலால் ஆடும்போது அப்படியே.

அதாவது தம்பி, உங்களுக்கு ஆட்டம் மறந்துபோகவில்லை. கற்றுக்குட்டிக்கு உதவும் கவனத்தை, ஆட்டம் தெரிந்த பிறகு உங்கள் மேலேயே திருப்பி வைத்திருக்கிறீர்கள். இரவில் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும் அந்த வீடியோ ஒவ்வொரு நாளும் அதற்கு ஒத்திகை கொடுக்கிறது.

இரண்டாவது, முழுமை வேண்டும் என்ற பிடிவாதம் பற்றி. ஹெவிட், ஃப்ளெட் என்ற இருவர் 1991இல் இதை மூன்றாகப் பிரித்தார்கள்: நான் என்னிடம் எதிர்பார்ப்பது, நான் பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் என்னிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று நான் நம்புவது. விளையாட்டில் பின்னால் வந்தவர்கள் இன்னொரு பிரிவையும் முக்கியமாகப் பார்க்கிறார்கள். உயர்ந்த அளவை நோக்கி உழைப்பது ஒரு பக்கம், தவறு நடந்துவிடுமோ, நடந்தால் நான் யார் என்று ஆகிவிடுமோ என்று பதறுவது இன்னொரு பக்கம். ஓசூர் அண்ணா காப்பாற்ற நினைப்பது முதல் பக்கத்தை. அதைத் தொட வேண்டாம். ஆளைத் தின்பது இரண்டாவது.

மூன்றாவது, அவசரம். நார்வேக்காரர் கேய்ர் யோர்டெட் பெரிய கால்பந்துப் போட்டிகளின் பெனால்டி உதைகளை வீடியோ வீடியோவாக எடுத்து ஆராய்ந்தவர். நடுவர் விசில் ஊதியதும் சட்டென்று ஓடிப்போய் உதைத்தவர்கள் அதிகம் தவறவிட்டார்கள். நெருக்கடியில் மனிதன் அந்த நெருக்கடியிலிருந்து சீக்கிரம் வெளியே வரப் பார்க்கிறான், அவ்வளவுதான். உங்கள் டூ ஆர் டை ரெய்டுகளில் எத்தனாவது விநாடியில் பிடிபடுகிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். காலைப் பார்க்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். முதல் பத்து விநாடிக்குள் என்றால் அது அவசரம்.

பாலக்கோட்டான்

சார், இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலானது பத்து விநாடிக்குள்தான். 30 விநாடி கையில் இருக்கும்போது ஏன் இப்படிப் போய் விழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அரூர் பி.டி. மாஸ்டர்

நானும் உள்ளே வரலாமா? அரூர் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறேன்.

ஆலோசகர் சொன்ன சோதனையைப் படித்ததும் ஒன்று தோன்றியது. வேறொரு சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஆடியவர்களுக்கு ஆட்டம் கெடவில்லை என்கிறார். நம் ஆட்டத்தில் அந்தச் சத்தம் ஆடுகிறவன் வாயிலேயே இருக்கிறது. மற்ற எந்த ஆட்டக்காரனுக்கும் இல்லாத வசதி இது. தம்பி, டூ ஆர் டையில் உன் பாட்டு எப்படி இருக்கிறது என்று கவனித்திருக்கிறாயா? என் பிள்ளைகளிடம் நான் பார்த்தவரை, பதற்றத்தில் முதலில் கெடுவது கால் இல்லை, பாட்டுதான். "கபடி கபடி" என்று சீராக வர வேண்டியது விழுங்கி விழுங்கி வரும், சுருதி மேலே ஏறும், மூச்சு நெஞ்சிலேயே நிற்கும். கால் அதன் பின்னால்தான் கெடுகிறது.

அதனால் நான் சொல்லிக்கொடுப்பது இவ்வளவுதான்: உன் பாட்டை நீயே காதால் கேள். ஒரே வேகத்தில் வருகிறதா என்று மட்டும் பார். எதிராளி அசைவதைக் கண் பார்த்துக்கொள்ளும், காலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். பயிற்சியிலேயே இதைப் பழக்க வேண்டும், போட்டியன்று புதிதாகச் செய்தால் நிற்காது. உள்ளே போவதற்கு முன் நடுக்கோட்டில் நின்று ஒரு மூச்சை முழுசாக வெளியே விடு. விட்ட பிறகுதான் இழுக்க வேண்டும். முதலில் இழுக்கப் பார்த்தால் பாதி நெஞ்சு ஏற்கெனவே அடைத்திருக்கும்.

அப்புறம் பக்கத்து மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலுவைப் பற்றி ஒன்று. ரியோ 2016 பாராலிம்பிக்ஸ் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் 1.86 தாண்டி வெள்ளி. அன்று மழை. ஊனமான காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்துவிட்டது, தாண்டக் கஷ்டமாகிவிட்டது, தங்கமும் உலக சாதனையும் குறி வைத்துத்தான் வந்தேன் என்று சொன்னார். வெள்ளி கையில் இருக்கும்போதே தவறிப்போன தங்கத்தைப் பேசுகிறார் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. குறி பெரிதாக வைத்திருந்தார், தவறியதற்குக் காரணம் கேட்டால் சாக்ஸ் நனைந்தது என்று ஒரு பொருளைச் சொன்னார். "நான் இவ்வளவுதான்" என்று சொல்லவில்லை. 2024இல் பாரிஸுக்கும் போய் 1.85 தாண்டி வெண்கலம் வாங்கினார். மூன்று பாராலிம்பிக்ஸ், மூன்று பதக்கம். என் பிள்ளைகள் தோற்று வந்தால் நான் கேட்கும் கேள்வி இதுதான்: எது நனைந்தது சொல்லு. அவர்களுக்கு இப்போது அது பழகிவிட்டது. "சார், லெஃப்ட் கவரைப் பார்க்காம விட்டுட்டேன்" என்று சொல்வார்கள். "நான் வேஸ்ட் சார்" என்று சொல்வதில்லை.

காரிமங்கலம் அக்கா

எல்லாரும் ஆட்டத்தைப் பேசுகிறீர்கள். நான் வீட்டைப் பேசுகிறேன். என் தம்பி லீக் கிரிக்கெட் ஆடுகிறவன்.

பாலக்கோட்டுத் தம்பி "யாரும் என்னை நெருக்கவில்லை" என்று எழுதியதை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. என் தம்பியும் அதையேதான் சொல்வான். அவன் பெரிய ஏலத்தில் எடுக்கப்பட்டான் என்றதும் பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. கோயில் திருவிழாவில் மாலை போட்டார்கள். சித்தப்பா பையன்கள் பள்ளியில் "எங்க அண்ணன்" என்று சொல்லிக்கொள்கிறார்கள். அப்பா ஒன்றும் கேட்காமல் இருக்கும்போதே, வீட்டுக்கு இவனாகவே கடன் வாங்கி மாடி எடுத்தான். இதில் எந்த ஒன்றும் நெருக்கடி இல்லை என்று தோன்றும். எல்லாவற்றையும் சேர்த்து அவன் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. பவுலிங் போட ஓடிவரும்போது அந்தக் கணக்கையும் சுமந்துகொண்டுதான் ஓடிவருகிறான். தானே ஏற்றிக்கொண்ட பாரம் என்கிறோம். ஏற்றிக்கொண்டது அவன்தான், மூட்டையில் இருப்பது எல்லாம் மற்றவர்கள் கொடுத்தது.

பாலக்கோட்டான்

அக்கா, எங்கள் ஊரிலும் ஃப்ளெக்ஸ் இருக்கிறது. மழையில் கிழிந்துவிட்டது, இன்னும் எடுக்கவில்லை. சீசன் நடுவில் வீட்டுக்கு வந்தால் அந்தப் பக்கம் போகாமல் ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போகிறேன். கடனும் இருக்கிறது. தங்கை கல்யாணத்துக்கு. யாரும் வாங்கச் சொல்லவில்லை. நீங்கள் எழுதிய பிறகுதான் இரண்டையும் ஆட்டத்தோடு சேர்த்து யோசிக்கிறேன்.

ஓசூர் ஷிப்ட்

சரி, வீட்டுக் கணக்கு புரிகிறது. ஆனால் பணம் வாங்கும் தொழிலில் விலை என்று ஒன்று இருக்கிறதே, அதை எப்படி மறக்க முடியும்? 2025 ஐ.பி.எல்.லுக்கு ரிஷப் பந்தை 27 கோடிக்கு எடுத்தார்கள். அந்தத் தொடரில் அதற்கு முன் யாருக்கும் கொடுக்காத விலை. சீசன் முழுக்க ரன் வரவில்லை. கடைசி லீக் ஆட்டத்தில்தான் 118 நாட் அவுட். நம் கபடி லீக்கிலேயே, தமிழ் தலைவாஸ் அணி 2022இல் பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடி, சீசன் முடிந்தது. இவர்கள் மனசில் விலை ஓடாதா?

நானூறு மீட்டர்

பந்த் விஷயத்தில் விலைதான் காரணம் என்று நம்மால் சொல்ல முடியாது அண்ணா, அவர் மனசு நமக்குத் தெரியாது. பவன் விஷயத்தில் முட்டிக்கு விலை தெரியாது, அடி அடிதான். ஆட்டக்காரரின் மோசமான நாளை எல்லாம் மனசின் பேரில் எழுதிவிடுவதும் ஒரு அநியாயம். சில நாள் உடம்பு, சில நாள் எதிராளி. தன்னைத் தானே நெருக்குகிறவன் இதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டான். எதிராளி நன்றாக ஆடினான் என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. எல்லாம் தன் கையில்தான் இருந்தது என்பான். பார்க்கப் பணிவு மாதிரி இருக்கும், ஆனால் எதிரே ஏழு பேர் உழைத்ததை அவன் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை.

அரூர் பி.டி. மாஸ்டர்

இதை அப்படியே பயிற்சி அறைச் சுவரில் எழுதிவைக்கப் போகிறேன்.

ஓசூர் ஷிப்ட்

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் முக்கியமான கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. பிடியைத் தளர்த்தினால் திரும்பக் கிடைக்குமா? ஒரு ஆட்டக்காரனுக்கு இருக்கும் பெரிய பயமே அதுதானே? ஒரு மாதம் ஒதுங்கினால் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்துவிடுவான்.

ஆலோசகர் கிருஷ்ணகிரி

நியாயமான கேள்வி. இடம் போகும் அபாயம் உண்மையானது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பெஞ்சில் இருக்கும் ஆட்டக்காரருக்கும் நட்சத்திரத்துக்கும் ஒரே அளவு அவகாசம் கிடைக்காது. அதையும் மனதில் வைத்துக்கொண்டு மூன்று பேரைச் சொல்கிறேன்.

ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், டோக்கியோ ஒலிம்பிக்ஸ் குழு இறுதியில் வால்ட் முடித்ததும் விலகினார். அந்தரத்தில் உடம்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வே போய்விட்டது அவருக்கு. அந்த நிலையில் தொடர்ந்திருந்தால் கழுத்தே போயிருக்கலாம். ஒரு வாரம் கழித்து பீமில் மட்டும் இறங்கி வெண்கலம். 2024 பாரிஸில் குழு, ஆல்-அரவுண்ட், வால்ட் மூன்றிலும் தங்கம்.

விராட் கோலி 2014 இங்கிலாந்துத் தொடரில் பத்து இன்னிங்ஸில் 134 ரன். அந்த நாட்களில் உலகத்திலேயே தனியாக இருப்பதுபோல் உணர்ந்ததாகப் பின்னால் சொன்னார். 2018இல் அதே இங்கிலாந்தில் 593 ரன். 2022இல் மறுபடி ஒரு இறக்கம். பத்து வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மாதம் மட்டையையே தொடவில்லை என்றும், தன்னிடம் இல்லாத தீவிரத்தை இருப்பதுபோல் காட்டிக்கொண்டிருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன் என்றும் சொன்னார். அடுத்து வந்த ஆசியக் கோப்பையில் 122 நாட் அவுட். 2019 நவம்பருக்குப் பிறகு வந்த முதல் சதம் அது.

மூன்றாவது, ஒதுங்கவே முடியாத நிலை. குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக செஸ் பட்டத்துக்காக டிங் லிரெனோடு ஆடியபோது 11ஆவது ஆட்டத்தை ஜெயித்து முன்னிலைக்கு வந்தார், மறுநாளே 12ஆவதைத் தோற்றார். 18 வயசுப் பையன், உலகப் பட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் நழுவுகிறது. 13 டிரா. 14ஐ ஜெயித்தார். அந்தத் தயாரிப்புக் காலத்தில் அவரோடு மனப் பயிற்சியாளர் பாடி அப்டன் வேலை செய்தார். தோல்வி இரவுக்கு என்ன செய்வது என்பதும் தயாரிப்பில் ஒரு பகுதிதான். பாலக்கோட்டான், உங்கள் தோல்வி இரவுக்கு இப்போது இருக்கும் ஒரே திட்டம் போர்வைக்குள் செல்போன். அதை மாற்றுவோம். ஆட்டம் முடிந்து மறுநாள் பகலில், அணியின் வீடியோ ஆய்வாளரோடு உட்கார்ந்து பாருங்கள். பிடிபட்டதும் புள்ளி எடுத்ததும் சம அளவில், சாதாரண வேகத்தில். மாஸ்டர் சொன்ன கேள்வியைக் கேட்டு ஒரு வரி எழுதிக்கொண்டு மூடிவிடுங்கள்.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். தூக்கம், சாப்பாடு எப்படி? ஆட்டம் இல்லாத நாளிலும் மனசு கனமாகவே இருக்கிறதா? நான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு ஆட்டத்தைத் தாண்டியும் வருகிறதா? அப்படி வாரக்கணக்கில் இருந்தால் பயிற்சி முறை மாற்றம் மட்டும் போதாது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலேயே பேசலாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

காரிமங்கலம் அக்கா

ஆலோசகர் சார், வீட்டில் இருப்பவர்களுக்கும் ஏதாவது சொல்லுங்கள். என் தம்பி தோற்று வந்தால் அம்மா கோழிக் குழம்பு வைத்துத் தேற்றுகிறார், ஜெயித்து வந்தாலும் வைக்கிறார். நான் என்ன பேசுவது என்று தெரியாமல் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன்.

ஆலோசகர் கிருஷ்ணகிரி

உங்கள் அம்மா செய்வதுதான் சரி. ஸ்கோர் என்ன ஆனாலும் சோறு ஒன்று. நீங்கள் அவன் ஆட்டத்தைத் தவிர வேறு எதையாவது பேசுங்கள். கடன் தவணையை அவனோடு உட்கார்ந்து காகிதத்தில் போட்டுப் பார்ப்பது ரொம்ப உதவும். மனசுக்குள் ஓடும் கணக்குக்கு முடிவே கிடையாது. காகிதத்தில் போட்டால் இவ்வளவு ரூபாய், இத்தனை மாதம் என்று ஒரு வரம்பு தெரியும்.

அரூர் பி.டி. மாஸ்டர்

எனக்கு ஒரு ஆதங்கம். இது லீக்குக்கு வந்த பிறகு தொடங்குவதில்லை, ஏழாம் வகுப்பிலேயே தொடங்குகிறது. மாவட்டப் போட்டியில் ஜெயித்த பிள்ளையை அன்றைக்கே "ஸ்டேட் அடிச்சிருவ, இந்தியா ஆடுவ" என்று ஏற்றிவிடுகிறோம். கார்பைடு கல் வைத்து மாங்காயைப் பழுக்கவைப்பது மாதிரிதான், தோல் மஞ்சளாகிவிடும், உள்ளே புளிப்பு அப்படியே இருக்கும். ஜெயித்தால்தான் நம்மைப் பார்க்கிறார்கள் என்று பிள்ளை அந்த வயசில் கற்றுக்கொண்டால், அப்புறம் திட்டுவதற்கு வெளியே ஆளே தேவையில்லை. ஆசிரியர்கள் நாங்கள்தான் இதை முதலில் நிறுத்த வேண்டும்.

பாலக்கோட்டான்

எல்லாருக்கும் சேர்த்துப் பதில்.

மாஸ்டர் சொன்ன பாட்டு விஷயத்தைப் பயிற்சி ஆட்டத்தில் முயன்று பார்த்தேன். முதலில் என் சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது. சொன்னது சரிதான், அவசரத்தில் பாதி எழுத்தை விழுங்கிக்கொண்டிருந்தேன். மூச்சை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனதும் எதிரே இருந்த ரைட் கார்னரின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பது கண்ணில் பட்டது. ரொம்ப நாளாக அதை நான் பார்க்கவே இல்லை, என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் விரலால் தொட்டு ஒரு டோ டச் கிடைத்தது. அடுத்த ரெய்டில் பிடித்துவிட்டார்கள், கணுக்காலைப் பிடிக்கும் ஆங்கிள் ஹோல்டு, சுத்தமான பிடி. அந்தப் பையன் நன்றாகப் பிடித்தான் என்று அவனிடமே சொன்னேன். போட்டியில் எப்படி இருக்கும் என்று இனிமேல்தான் தெரியும்.

தூக்கம் சரியில்லை சார். சாப்பாடு பரவாயில்லை. ஆட்டம் இல்லாத நாளிலும் கனம் இருக்கிறது. பேசலாம் என்று முடிவு செய்துவிட்டேன். அணியிலேயே ஒரு உளவியலாளர் வருவார். அவரிடம் சொன்னால் நிர்வாகத்துக்குப் போய், "இவனுக்கு மனசு சரியில்லை" என்று அடுத்த சீசன் ஒப்பந்தம் போய்விடுமோ என்றுதான் தயங்குகிறேன்.

ஆலோசகர் கிருஷ்ணகிரி

அந்தத் தயக்கம் நியாயமானது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, சிகிச்சை பெறுபவரின் விவரங்கள் ரகசியமாக இருக்கும் உரிமையைக் கொடுக்கிறது. ஆனால் அணி சம்பளம் கொடுத்து வைத்திருப்பவரிடம் போகும்போது முதல் சந்திப்பிலேயே, எதையும் சொல்வதற்கு முன், இதைக் கேட்டுவிடுங்கள்: நான் பேசுவதில் எது நிர்வாகத்துக்குப் போகும், எது போகாது, எழுத்தில் ஏதாவது பதிவாகுமா? ஒழுங்கான ஆள் தெளிவாகப் பதில் சொல்வார். மழுப்பினால் அவரிடம் பயிற்சி சம்பந்தப்பட்டதை மட்டும் பேசுங்கள். தூக்கத்தையும் கனத்தையும் வெளியே ஒரு மருத்துவரிடம் பாருங்கள்.

மருந்து எழுதிக்கொடுத்தால் நீங்கள் ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்பட்ட ஆட்டக்காரர் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தடை செய்யப்பட்ட பொருள் எதுவும் அதில் இல்லையா என்று அணி மருத்துவரிடமும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஓசூர் ஷிப்ட்

தம்பி, அடுத்த சீசன் ஆட்டம் பெங்களூரு பக்கம் நடந்தால் சொல்லுங்கள். நைட் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து பார்க்கிறேன். எத்தனை புள்ளி எடுத்தீர்கள் என்று கேட்க மாட்டேன்.